பருப்புச் சோறும் பண்டித ரமாபாயும்



லெந்து காலம் வந்துவிட்டால் மகர்பட்டாவில் இருக்கும் நம்ம ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் சமையல் மாறிவிடும். நாற்பது நாளும் மீன் கிடையாது, கறி கிடையாது, சில வீடுகளில் முட்டையும் கிடையாது. பருப்பு, ரசம், துவையல், கீரை, அவ்வளவுதான். ஆபீஸில் டிபன் டப்பாவைத் திறந்தால் பக்கத்து சீட் மராட்டி நண்பருக்கு ஆச்சரியம். "நீங்க கிறிஸ்டியன் ஆச்சே, நான்வெஜ் இல்லையா?" என்பார். கிறிஸ்தவன் என்றால் கறி தின்பவன் என்று ஒரு கணக்கு. வீடு வாடகைக்குத் தேடும்போதும் சில இடங்களில் இதே கணக்குதான்.

இந்தக் கேள்விக்கு 140 வருடத்துக்கு முன்பே நல்ல பதில் சொன்ன ஒரு பெண்மணி நமக்குப் பக்கத்தில்தான் வாழ்ந்திருக்கிறார். சோலாப்பூர் ரோட்டில் ஹடப்ஸரிலிருந்து சுமார் 50 கி.மீ. போனால் கேட்காவ். அங்கே 'முக்தி மிஷன்' இருக்கிறது. அதைத் தொடங்கியவர் பண்டித ரமாபாய்.

பஞ்சத்தில் தொடங்கிய கதை

ரமாபாய் 1858-ல் பிறந்தவர். அப்பா அனந்த சாஸ்திரி டோங்ரே, சித்பாவன பிராமணர். பெண்களுக்கு சமஸ்கிருதம் சொல்லித் தரக்கூடாது என்று இருந்த காலத்தில் தன் மனைவிக்குச் சொல்லித் தந்து, அதனால் ஊரைப் பகைத்துக்கொண்டவர். குடும்பமே புண்ணியத் தலங்கள்தோறும் நடந்து, புராணம் வாசித்துப் பிழைத்தது.

1870களில் சென்னை மாகாணத்தில் பஞ்சம். கையில் இருந்த காசு, பாத்திரம், நகை எல்லாம் போய், கடைசி அரிசியும் தீர்ந்தது. பிச்சை கேட்கக் குலப்பெருமை விடவில்லை. கூலி வேலை செய்யவும் பழக்கமில்லை. திருப்பதி வட்டாரத்துக் காட்டில் தண்ணீரும் இலைகளும் கொஞ்சம் காட்டு ஈச்சம்பழமும் தின்று நாட்களைக் கழித்தார்கள். அப்பா போனார், கொஞ்ச நாளில் அம்மாவும் போனார், அக்காவும் போனார். சாகக்கிடந்த அம்மாவுக்காக ஒரு துண்டு கம்பு ரொட்டி கேட்டுப் போனதையும், கேட்க நாக்கு எழாமல் கண்ணீர் வந்ததையும் ரமாபாய் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் அவர் நடத்திய சமையலறையின் அர்த்தம் புரியும்.

மிஞ்சியது அவரும் அண்ணனும். நடந்தே வடக்கே போய் 1878-ல் கல்கத்தா சேர்ந்தார்கள். அங்கேதான் அவருக்குப் 'பண்டிதா', 'சரஸ்வதி' பட்டங்கள் கிடைத்தன. பிறகு அண்ணனும் போனார். 1880-ல் வேறு சாதியைச் சேர்ந்த ஒரு வங்காள வக்கீலோடு கல்யாணம். இரண்டே வருடத்தில் காலராவில் கணவரும் போனார். கையில் மனோரமா என்ற கைக்குழந்தையோடு 1882-ல் புனே வந்தார்.

இங்கிலாந்தில் ஒரு புட்டிங் சண்டை

1883-ல் இங்கிலாந்து போனார். அங்கே வான்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கினார். இந்த மடத்தின் சகோதரிகளை அவருக்குப் புனேயிலேயே தெரியும். அதே வருடம் செப்டம்பர் 29-ல் ஞானஸ்நானம் பெற்றார்.

ஆனால் சாப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. கறி, மீன், முட்டை எதையும் தொடவில்லை. முட்டை சேர்த்த புட்டிங்கும் வேண்டாம் என்றார். மடத்துக்காரர்களுக்கு இது சங்கடமாகிவிட்டது. கிறிஸ்தவளாகிவிட்டாய், இன்னும் என்ன பிராமண ஆசாரம், இது சாதித் திமிர்தானே என்று அவருக்கு வழிகாட்டியாக இருந்த சகோதரி ஜெரால்டின் கண்டித்தார்.

ரமாபாய் எழுதிய பதிலின் சாரம் இதுதான். என் பெருமையை என் பாலிலும் வெண்ணெயிலும் சோற்றிலும் தேட வேண்டுமானால் தேடிக்கொள்ளுங்கள். என் முன்னோர் வழக்கத்தில் யாருக்கும் தீங்கில்லாததை நான் வைத்துக்கொள்வேன். ஒரு ஆங்கிலேயப் பெண் இந்தியாவுக்கு வந்து தன் பழக்கத்தை விடாமல் வாழ்ந்தால் அவளைத் திமிர் பிடித்தவள் என்பீர்களா? சிலுவையில் பொறிக்கும் எழுத்துகூட எனக்கு லத்தீனில் வேண்டாம், சமஸ்கிருதத்தில் வேண்டும் என்று கேட்டவர் அவர். லத்தீன் எனக்கும் புரியாது, என் ஜனங்களுக்கும் புரியாது என்பது அவர் நியாயம்.

வெளியூரில் பிழைக்கும் நமக்கு இந்தச் சண்டை புதிதில்லையே! கர்த்தரை ஏற்றுக்கொள்வது வேறு, இன்னொருவர் ஊர்ச் சாப்பாட்டை ஏற்றுக்கொள்வது வேறு. இந்த வித்தியாசத்தை இளம் வயதில், அன்னிய மண்ணில், தனக்குச் சோறு போடுகிறவர்களிடமே சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

இதே புனேயில் ஒரு டீ

சாப்பாட்டுக்கு இருந்த இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1890-ல் புனே பஞ்ச் ஹவுத் மிஷனில் ஒரு கூட்டம். ரானடே, திலகர் போன்ற பெரியவர்கள் போயிருந்தார்கள். டீயும் பிஸ்கட்டும் வைத்தார்கள். சிலர் குடித்தார்கள், சிலர் கோப்பையைத் தொட்டதோடு சரி. போனவர்களின் பெயர்கள் பத்திரிகையில் வந்துவிட்டன. கிறிஸ்தவர் கையால் டீயா என்று ஊரே கொந்தளித்து, சங்கராச்சாரியார் வரை புகார் போய், விசாரணை நடந்து, பிராயச்சித்தத்தில் முடிந்தது. ஒரு கோப்பை டீக்கு!

நம்ம பக்கமும் லேசுப்பட்டதில்லை. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காவி உடுத்தி, ஒரு வேளை மரக்கறிச் சோறு உண்டு, பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டு வாழ்ந்தார். தமிழும் சமஸ்கிருதமும் ஆழமாகக் கற்றவர், அந்த மரியாதை அவருக்கு உண்டு. ஆனால் உயர்சாதியாரிடம் போவதற்காக ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருந்த பரதவர்களிடமிருந்து விலகியே இருந்தார். 1840களின் கடைசியில் மதுரை அமெரிக்கன் மிஷன், சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ண வேண்டும் என்றபோது, உபதேசியார்களிலேயே பலர் மாட்டேன் என்றார்கள்.

ஆக, மரக்கறி என்பது தானாகவே புனிதமான விஷயம் இல்லை. அதை ஒரு வேலியாகவும் பயன்படுத்தலாம். பருப்புச் சோற்றைப் பற்றி எழுதும்போது இதை மறைத்தால் நான் பாதி உண்மைதான் சொன்னவனாவேன்.

கேட்காவ் அடுப்பு

ரமாபாயை இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடிக்கிறது. 1889-ல் பம்பாயில் 'சாரதா சதன்' என்று விதவைப் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். அடுத்த வருடமே அது புனேக்கு மாறியது. அங்கே வந்த பெண்கள் தங்கள் வீட்டு ஆசாரப்படி சமைத்துச் சாப்பிடலாம், யாரும் குறுக்கே வரமாட்டார்கள். தனக்கு வான்டேஜில் கிடைக்காததை அவர் மற்றவர்களுக்குக் கொடுத்தார்! இருந்தும் பெண்கள் அவருடைய ஜெபத்தில் உட்காருகிறார்கள் என்று 1893-ல் எதிர்ப்புக் கிளம்பி, பல பெற்றோர் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டார்கள்.

1896-97-ல் மத்திய மாகாணங்களில் பெரும் பஞ்சம். தான் பட்டது ஞாபகம் வந்து, ரமாபாய் நேரில் போய் நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் அழைத்து வந்தார். அந்த நேரம் புனேயில் பிளேக். ஊருக்குள் கூட்டமாக வைத்திருக்க முடியாது. கேட்காவில் ஏற்கெனவே பழத்தோட்டத்துக்காக வாங்கிப்போட்டிருந்த நிலத்தில் கூடாரம் அடித்தார். அதுதான் முக்தி. 1900-ல் குஜராத், ராஜபுதனப் பக்கம் மறுபடி பஞ்சம் வந்தபோது அங்கே கிட்டத்தட்ட 2000 பேர் ஆகிவிட்டார்கள்.

2000 வயிறு! கிணறு வெட்டினார்கள், காய்கறி போட்டார்கள், மாடு வளர்த்தார்கள், எண்ணெய் ஆட்டினார்கள், துணி நெய்தார்கள். அரைப்பதும் சமைப்பதும் அச்சுக் கோப்பதும் பெண்களே. இந்தத் தடவை சாதி வாரியாக அடுப்பு இல்லை. பசியோடு வந்தவர்களில் பிராமணப் பெண்ணும் இருந்தாள், தீண்டப்படாதவள் என்று ஒதுக்கப்பட்டவளும் இருந்தாள். ரமாபாய் மட்டும் கடைசி வரை மரக்கறிதான். 1922 ஏப்ரல் 5-ல் இறக்கும் வரை அந்தப் பழக்கத்தை விடவில்லை. எபிரெய, கிரேக்க மூலத்திலிருந்து வேதாகமத்தை எளிய மராட்டியில் மொழிபெயர்த்து முடித்துவிட்டுத்தான் போனார்.

பழக்கம் அதேதான், ஆனால் வேலி இல்லை. டி நொபிலி செய்யாததை இவர் செய்தார்.

நம்ம ஊரிலும் 1921-ல் திருப்பத்தூரில் டாக்டர் சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரர் டாக்டர் பேட்டனும் 'கிறிஸ்துகுல ஆசிரமம்' தொடங்கினார்கள். கதர் உடை, தரையில் உட்கார்ந்து மரக்கறிச் சாப்பாடு, ஏழைகளுக்கு வைத்தியம். வெள்ளைக்காரரும் தமிழரும் ஒரே பந்தி. அந்தக் காலத்தில் அது பெரிய காரியம்.

ஒரு கைப்பிடி அரிசி

நம்ம வீட்டுப் பாட்டிகளுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. ஆனால் உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். அது கர்த்தருக்கு, அதாவது இல்லாதவருக்கு. மாதக் கடைசியில் கோயிலுக்குப் போகும். வீட்டில் குறைவாக இருந்த மாதத்திலும் அந்தக் கைப்பிடி நிற்காது. அறுப்பின் பண்டிகைக்கு பூசணியும் வாழைத்தாரும் கோயிலில் குவிவதும் இதே நன்றிதான்.

இங்கே மகர்பட்டாவே ஒரு காலத்தில் வயல். சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் 400 ஏக்கரைச் சேர்த்துப் போட்டு உருவாக்கிய நகரம் இது. நாம் சாப்பிடும் வெந்தயக்கீரையும், இவர்கள் 'தோண்ட்லி' என்கிற கோவைக்காயும் இன்றும் சுற்றுக் கிராமங்களிலிருந்துதான் வருகின்றன. லெந்தில் ஒருநாள் பிட்லாவும் சோள பாக்ரியும் செய்து பாருங்கள். கடலைமாவைக் கரைத்து, பூண்டு, பச்சைமிளகாய் தாளித்துக் கிண்டினால் பிட்லா தயார். கால் மணி நேர வேலை. ரமாபாயின் அம்மாவுக்குக் கடைசியில் ஒரு துண்டு ரொட்டிக்காக அவர் பட்ட பாட்டை அன்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மீதியைத் தட்டில் வைத்துவிட்டு எழ மாட்டார்கள்.

லீவு நாளில் தௌண்ட் போகும் பாசஞ்சரில் ஏறினால் கேட்காவ் தூரமில்லை. முக்தி மிஷன் இன்றும் ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வீடாக இருக்கிறது. போகிறவர்கள் வெறுங்கையோடு போகாமல் ஒரு மூட்டை அரிசியோ பருப்போ வாங்கிப் போங்கள். நம் பாட்டிமார் கலயத்தில் சேர்த்த கைப்பிடியின் தொடர்ச்சி என்று வைத்துக்கொள்வோம்.

எல்லார் வீட்டு அடுப்பும் எரியட்டும்.