டெல்லியில் காற்றாலை மின்சாரம்

இந்தியத் தலைநகரான டெல்லி, தன் எல்லைக்குள் வணிக அளவிலான காற்றாலை ஒன்றுகூட இல்லாத நிலையில், பிற மாநிலங்களில் காற்றிலிருந்து எடுக்கப்படும் மின்சாரத்தை ஒப்பந்தங்கள் வழியாகவும் தேசிய மின்தொகுப்பின் வழியாகவும் வாங்கிப் பயன்படுத்தும் நகரமாகும்.

காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், வேகம் இருமடங்காகும்போது ஆற்றல் எட்டு மடங்காகிறது. வேகம் பாதியாகக் குறைந்தால் எட்டில் ஒரு பங்கே எஞ்சுகிறது. அந்த ஆற்றலிலும் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இயந்திரத்தாலும் எடுக்க இயலாது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919-இல் நிறுவினார். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியில் நெருங்கிப் பாயும் ஆரல்வாய்மொழி கணவாய் போன்ற அமைப்பு எதுவும் டெல்லிக்கு இல்லை. கடலிலிருந்து வெகுதொலைவில், கட்டடங்கள் நெருங்கிய சமவெளியில் இந்நகரம் அமைந்துள்ளது. கோடையில் வீசும் 'லூ' எனப்படும் வெப்பக்காற்றும் 'ஆந்தி' எனப்படும் புழுதிப் புயலும் ஆண்டு முழுவதும் இயந்திரம் ஓட்டப் போதுமானவை அல்ல. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெப்பமான காற்றடுக்கு மூடிபோல் அமர்ந்துவிடுவதால் காற்றோட்டம் அடங்குகிறது. நகரத்தின் புகை கலையாமல் தேங்குவதற்கும் இதுவே ஒரு முக்கியக் காரணம். ஆதலால் மாடிகளில் சிறு காற்றாடிகளை நிறுவுவதைவிட, தொலைவிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவரும் தடங்களில் முதலிடுவதே டெல்லிக்குப் பொருத்தமானது.

காற்று குறைந்த இந்நகரத்திலிருந்தே நாட்டின் காற்றாலைக் கொள்கை வகுக்கப்படுகிறது. 1981-இல் கூடுதல் ஆற்றல் மூலங்களுக்கான ஆணையம் அமைக்கப்பட்டது; அடுத்த ஆண்டு தனித்துறை உருவாகி, 1992-இல் அது அமைச்சகமாக உயர்ந்து, 2006 முதல் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம் என்று அழைக்கப்படுகிறது. தொடக்கத்தில் காற்றாலை மின்சாரத்தின் விலையை அந்தந்த மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் நிர்ணயித்தன. பெரும்பாலும் காற்று வளமுள்ள மாநிலமே அதை வாங்கியது. டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய சூரிய ஆற்றல் கழகம் 2017 பிப்ரவரியில் நடத்திய முதல் காற்றாலை ஏலம் இந்நிலையை மாற்றியது. யூனிட்டுக்கு, அதாவது ஒரு கிலோவாட்-மணி மின்சாரத்துக்கு, 3.46 ரூபாய் என்ற விலை அதில் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் நடந்த இரண்டாம் ஏலத்தில் விலை 2.64 ரூபாயாக இறங்கியது. முதல் ஏலத்தின் மின்சாரத்தைக் காற்று வளம் குறைந்த உத்தரப் பிரதேசம், பீகார் முதலிய மாநிலங்களோடு டெல்லியும் வாங்க முன்வந்தது. விநியோக நிறுவனங்கள் தம் கொள்முதலில் ஒரு பங்கைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறவேண்டும் என்னும் கடப்பாடு 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் வழி ஏற்பட்டது என்பதும் இதற்கு ஒரு தூண்டுதல்.

தொலைதூரக் கொள்முதலுக்கு அடிப்படையானது, 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டல மின்தொகுப்பு எஞ்சிய நாட்டுடன் ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்பட்டதாகும். சத்தீஸ்கரின் ராய்கருக்கும் தமிழ்நாட்டின் புகளூருக்கும் இடையே 2021-இல் தொடங்கிவைக்கப்பட்ட 6,000 மெகாவாட் திறனுள்ள உயர் மின்னழுத்த நேர்மின்னோட்டத் தடம், தெற்கே காற்று மிகும் நாட்களில் எதிர்த்திசையிலும் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளது. எனினும் ஒரு காற்றாடியின் மின்சாரம் டெல்லியின் குறிப்பிட்ட ஒரு வீட்டை வந்தடைவதில்லை. தொகுப்பில் ஒரு முனையில் செலுத்தப்பட்ட அளவும் மறுமுனையில் எடுக்கப்பட்ட அளவும், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடங்கள் கொண்ட 96 கூறுகளாகப் பிரித்து முன்கூட்டியே திட்டமிடப்பட்டு, பின்னர் கணக்கில் ஈடுசெய்யப்படுகின்றன. இத்திட்டமிடலில் காற்றின் வேகத்தைச் சரியாக முன்கணிப்பதே கடினமான பணியாகும்.

ஆண்டு முழுவதற்கும் கூட்டிய யூனிட் கணக்கைவிட அவை எப்போது கிடைக்கின்றன என்பதே நகரத்துக்கு முக்கியமானது. 2024 ஜூன் 19 அன்று டெல்லியின் உச்சத் தேவை 8,656 மெகாவாட்டை எட்டியது. ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை நீளும் காற்றுப் பருவம் இக்கோடைத் தேவையோடு பெருமளவு பொருந்துகிறது. சூரியன் மறைந்த பின்னும் குளிர்சாதனங்கள் ஓடும் இரவுகளில், சூரிய மின்சாரம் தரமுடியாததைக் காற்றாலை தரமுடியும். ஆனால் வெந்நீருக்கும் அறைச்சூட்டுக்கும் தேவை எழும் குளிர்கால விடியற்காலைகளில் காற்றாலை உற்பத்தி பொதுவாகக் குறைந்திருக்கிறது. 705 மெகாவாட் திறன்கொண்ட பதர்பூர் அனல்மின் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டபின் நகருக்குள் நிலக்கரி மின்நிலையம் இல்லாததால், இக்குறையைப் பெரும்பாலும் வெளி மாநில அனல்மின் நிலையங்களும் நீர்மின் நிலையங்களும் நிரப்புகின்றன. நீரை மேலேற்றிச் சேமித்துத் தேவைப்படும்போது மின்சாரமாக்கும் நிலையங்களும் பெரிய மின்கலங்களும் பெருகினால் சில மணி நேர இடைவெளிகளை அடைக்கலாம். பருவங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வை அவற்றால் மட்டும் ஈடுசெய்ய இயலாது.

மாநிலங்களுக்கிடையேயான மின்தடங்களைப் பயன்படுத்தும் கட்டணத்திலிருந்து காற்றாலை மின்சாரத்துக்கு அளிக்கப்பட்ட முழுவிலக்கு, 2025 ஜூன் 30 வரை இயங்கத் தொடங்கிய திட்டங்களோடு முடிந்து, அதன்பின் வரும் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 25 சதவீதம் என்ற அளவில் குறைகிறது. காற்றுள்ள மாநிலத்துக்குள்ளேயே வாங்குவோரை இது பெரிதாகப் பாதிக்காது. தனக்கென வணிக அளவிலான காற்றாலை ஒன்றுகூட இல்லாத டெல்லியோ, இனிச் செய்யும் ஒப்பந்தங்களில் ஏல விலையோடு தொலைவின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டியுள்ளது.