அகச்சிவப்பு உணரியின் நேர்விகிதப் பிறழ்வு: ஹபிள் தொலைநோக்கியில் அளவுத்திருத்தம்

விண்மீனின் ஒளி இரு மடங்கானால் கேமரா காட்டும் எண்ணும் இரு மடங்காக வேண்டும். ஆகாவிட்டால் அது நேர்விகிதப் பிறழ்வு. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் 1997 பிப்ரவரியில் பொருத்தப்பட்ட நிக்மாஸ் கேமராவின் பாதரசக் காட்மியம் டெலுரைடு உணரிகளில் இதன் ஒரு வகை முன்பே அறிந்ததுதான். படப்புள்ளியில் மின்னூட்டம் சேரச் சேர அதன் மின்தேக்குதிறன் கூடும். அடுத்த எலக்ட்ரான் எழுப்பும் மின்னழுத்த மாற்றம் சற்றுக் குறையும். இவ்வுணரியில் சேர்ந்த மின்னூட்டத்தைக் கலைக்காமல் பலமுறை படிக்கலாம் என்பதால், படிப்படியாக உயரும் எண்கள் நேர்கோட்டிலிருந்து எங்கே வளைகின்றன என்று பார்த்துத் திருத்தச் சமன்பாடு வகுத்துவிடலாம்.

அதனால் மட்டும் சிக்கல் தீரவில்லை. 2005இல் போலின், லிண்ட்லர், ரீஸ் ஆகிய ஆய்வாளர்கள் நிக்மாஸ் அளவுகளை ஹபிளின் ஸ்டிஸ் நிறமாலைமானியின் அளவுகளோடு ஒப்பிட்டபோது, மங்கலான விண்மீன்களை நிக்மாஸ் மேலும் மங்கலாகக் காட்டுவது தெரிந்தது. இது சேர்ந்த மின்னூட்டத்தைப் பொறுத்ததல்ல; ஒளி வந்துசேரும் வேகத்தைப் பொறுத்தது. உணரிப் பொருளிலுள்ள குறைகள் மின்னூட்டத்தைச் சிறைபிடிப்பதே காரணம் எனக் கருதப்படுகிறது. தரைச் சோதனையில் இதைப் பிடித்திருக்கலாமே என்று கேட்கலாம். ஒரே விளக்கொளியில் நேரத்தை மட்டும் நீட்டும் சோதனை எவ்வளவு நுட்பமானாலும் இதைக் காட்டாது, ஏனென்றால் மாறாத வேகத்தில் எண்கள் ஏறக்குறைய நேராகவே உயர்கின்றன. முதல் பிறழ்வை உணரி தன் எண்களாலேயே காட்டிக்கொடுத்தது. இரண்டாவதைக் காண வெளியிலிருந்து ஓர் ஒப்பீடு வேண்டியிருந்தது. ஒளி வந்துசேரும் வேகத்தை மாற்றிப் பார்க்க, 2006இல் ஒரே விண்மீன்களை உள்விளக்கு எரியாமலும் எரியவிட்டும் படமெடுத்து, விளக்கொளியைக் கழித்துப் பார்த்தார்கள். ஒளி பத்து மடங்கு மாறும்போது 1.1 மைக்ரானில் சுமார் 6%, 1.6 மைக்ரானில் சுமார் 3% பிழை வந்தது.

2009 மே மாதம் ஹபிளில் பொருத்தப்பட்ட அகலப்புலக் கேமரா 3இல் இந்தப் பிழை பத்து மடங்குக்குச் சுமார் 1% ஆகக் குறைந்தது, 2019இல் 0.75% என்று மேலும் துல்லியமாக அளக்கப்பட்டது. இவ்வளவு சிறிய எண்ணைப் பொருட்படுத்த வேண்டுமா? பிரகாசம் 10,000 மடங்கு வேறுபட்டால் ஒளியளவில் 3%, தூரத்தில் 1.5% பிழை. பிரபஞ்சத்தின் விரிவு வேகத்தை ஒரு சதவீதத் துல்லியத்தில் அறிய முயல்வோருக்கு அது பெரிது. அந்த வேகத்தை, பிரகாசத்தை வைத்துத் தூரம் கணிக்க உதவும் சீபிட் விண்மீன்கள், சூப்பர்நோவாக்கள் வழியே அளந்தால் ஒரு விடையும், பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணி வழியே கணித்தால் சுமார் 8% குறைவான விடையும் வருகின்றன. இந்த முரண்பாட்டுக்கு உணரிதான் காரணமோ என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் திசை எதிராக இருக்கிறது: திருத்தாவிட்டால் மங்கலான சீபிட்கள் உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும், விரிவு வேகம் குறைந்து தெரியும். திருத்தினால் வேகம் கூடி, முரண்பாடு சற்றே வளர்கிறது.