ஏட்டிலிருந்து அச்சுக்கு

அச்சு வந்ததால் நூல்கள் பெருகின என்பது பாதி உண்மையே. வாசிக்கும் முறையே மாறியதுதான் பெரிய செய்தி. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியில்லை, சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. ஆசிரியரிடம் பாடம் கேட்டவருக்கே ஏடு வசப்பட்டது. திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் கல்வியின் முதுகெலும்பாக இருந்ததில் வியப்பில்லை. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூல் அச்சாயிற்று என்றாலும், 1835இல் சட்டத் தடைகள் நீங்கிய பிறகே அச்சுத்தொழில் இந்தியர் கையில் தழைத்தது. பல சுவடிகளை ஒப்பிட்டு உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஒரே பாடத்தை எங்கிருந்தும் எவரும் சரிபார்க்க வழி பிறந்தது.

அச்சு நினைவாற்றலைக் கொன்றது என்பார்கள். இழப்பு மெய்தான். ஆனால் பெண்களில் பெரும்பாலோருக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் அந்தத் திண்ணையில் இடமே இல்லை. யாருடைய நினைவாற்றலைப் பற்றிப் பேசுகிறோம்? அச்சு மட்டுமே அவர்களுக்குக் கதவு திறந்துவிடவில்லை. பள்ளிகளும் போராட்டங்களும் வேண்டியிருந்தன. அச்சு குரலை அடக்கிவிடவும் இல்லை: 'பெரிய எழுத்து'க் கதைப் புத்தகங்களை ஒருவர் உரக்க வாசிக்க, எழுத்தறியாதவர்களும் சுற்றி அமர்ந்து கேட்டார்கள்.