அமெரிக்க வட்டாரப் பண்பாட்டு நிறுவனங்களில் வெள்ளையரல்லாத தலைமையின் உருவாக்கம்: சிகாகோவும் அனகோஸ்டியாவும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கலை, பண்பாட்டு நிறுவனங்களின் தலைமைப் பொறுப்புகளுக்கு வெள்ளையரல்லாத சமூகத்தினர் எவ்வாறு வந்தனர் என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கின்றது. சிகாகோவின் தெற்குப்புறச் சமூகக் கலை மையம், அந்நகரின் டூசபிள் அருங்காட்சியகம், வாஷிங்டனின் அனகோஸ்டியா அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. தலைமைக்குத் தகுதியுடையோர் இல்லாமையன்று, கட்டடம், ஊதியம், பதவித் தொடர்ச்சி ஆகியவற்றின் மீதான உரிமையின்மையே அடிப்படைத் தடையாக இருந்தது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பண்பாட்டு நிறுவனம், கறுப்பினத் தலைமை, சமூக அருங்காட்சியகம், தேசியக் கலை நிதியம், கலை நிருவாகம்.

முன்னுரை

ஆண்ட்ரூ மெலன் அறக்கட்டளை அமெரிக்கக் கலை அருங்காட்சியகப் பணியாளர்களைப் பற்றிய கணக்கெடுப்பு ஒன்றை 2015இல் வெளியிட்டது. அதன்படி பணியாளர்களில் 28 விழுக்காட்டினர் வெள்ளையரல்லாதோர். ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் காவல், கட்டடப் பராமரிப்பு போன்ற பிரிவுகளிலேயே இருந்தனர். காப்பாட்சியர், பாதுகாப்பு வல்லுநர், கல்வியாளர், தலைமை நிருவாகிகள் ஆகிய பதவிகளில் 84 விழுக்காட்டினர் வெள்ளையர். கறுப்பினத்தவர் 4 விழுக்காட்டினர் மட்டுமே.

இந்த இடைவெளியைக் குறைக்கும் நோக்குடன் வளரும் தலைவர்களுக்கான பயிற்சித் திட்டங்கள் அண்மைக் காலத்தில் நடத்தப்பட்டு வருகின்றன. அமெரிக்காவிலுள்ள ஆறு வட்டாரக் கலை அமைப்புகளுள் ஒன்றான மேற்கு மாநிலங்களின் கலைக் கூட்டமைப்பு நடத்திய திட்டம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பயிற்சி என்னும் தீர்வு, பயிற்சியின்மையே குறை என்னும் முற்கோளைத் தன்னுள் கொண்டுள்ளது. இருபதாம் நூற்றாண்டின் வரலாறு அம்முற்கோளை உறுதிப்படுத்துகின்றதா என்பதே இங்கு எழும் வினா.

கூட்டரசு நிதியும் மக்கள் நாணயமும்

1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போது அமெரிக்கக் கூட்டரசு, வேலையிழந்த கலைஞர்களுக்குப் பணி வழங்கும் கலைத்திட்டத்தைத் தொடங்கியது. அதன் வழியே நூற்றுக்கும் மேற்பட்ட சமூகக் கலை மையங்கள் நாடெங்கும் தோன்றின. சிகாகோவின் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த தெற்குப்புறத்தில் 1940இல் திறக்கப்பட்ட மையம் அவற்றுள் ஒன்று. 1941 மே மாதத்தில் குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ட் அதனை முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

இம்மையத்தின் நிதியமைப்பு கவனத்திற்குரியது. ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் உரிய ஊதியத்தைக் கூட்டரசு வழங்கியது. கட்டடத்தைப் பெறும் பொறுப்பு அப்பகுதி மக்களைச் சார்ந்தது. பத்துக் காசு நாணயங்களைத் திரட்டி ஒரு மைல் நீளத்திற்கு அடுக்குவது என்னும் முழக்கத்துடன் நன்கொடை இயக்கம் நடத்தப்பட்டது. இளம் ஓவியரான மார்கரெட் பரோஸ் தெருமுனையில் நின்று நாணயம் திரட்டியோருள் ஒருவர். இவ்வாறு கிடைத்த நிதியால் மிச்சிகன் சாலையிலிருந்த பழைய மாளிகை ஒன்று வாங்கப்பட்டது.

மையத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்ற பீட்டர் பொல்லாக் வெள்ளையர். சார்லஸ் வைட், எல்ட்சியர் கார்ட்டர் முதலிய கறுப்பின ஓவியர்கள் அப்பகுதியிலேயே செயல்பட்டு வந்த காலம் அது. கலைஞர்களும் பார்வையாளர்களும் நன்கொடையாளர்களும் கறுப்பினத்தவராக இருந்தும், ஊதியம் வழங்கிய அமைப்பின் தொடர்பு வழியாகவே முதல் தலைமை அமைந்தது. போர்க்காலத்தில், 1943இல், கூட்டரசுக் கலைத்திட்டம் முடிவுற்றது. அத்துடன் நாட்டின் சமூகக் கலை மையங்களுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. சிகாகோ மையமோ நெருக்கடிகளுக்கிடையே நிலைபெற்று இன்றும் அதே கட்டடத்தில் இயங்குகின்றது. அரசு வழங்கிய ஊதியம் நின்றது. மக்கள் வாங்கிய கட்டடம் நின்று நிலைத்தது. இவ்வேறுபாடு பின்வரும் சான்றுகளை விளங்கிக்கொள்ள உதவுகின்றது.

இல்லத்தில் தோன்றிய அருங்காட்சியகம்

மார்கரெட் பரோஸ் தொழிலால் பள்ளி ஆசிரியர். டூசபிள் உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் ஓவியம் கற்பித்தவர். 1961இல் அவரும் அவர்தம் கணவர் சார்லஸ் பரோஸும் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து, கறுப்பின வரலாற்றுக்கும் கலைக்குமான அருங்காட்சியகம் ஒன்றைத் தம் இல்லத்திலேயே தொடங்கினர். அவ்வில்லம் கலை மையம் இருந்த அதே மிச்சிகன் சாலையில் இருந்தது. 1968இல் அது, சிகாகோவில் முதன்முதல் நிலையாகக் குடியேறியவராகக் கருதப்படும் ஜான் பாப்டிஸ்ட் பாயின்ட் டூசபிளின் பெயரை ஏற்றது. 1973இல் வாஷிங்டன் பூங்காவிலிருந்த, நகரப் பூங்கா நிருவாகத்திற்குரிய கட்டடத்திற்கு இடம்பெயர்ந்தது.

இங்குத் தலைமை உருவான முறை வேறானது. பரோஸைத் தேர்ந்தெடுத்து அமர்த்திய நிறுவனம் எதுவும் இல்லை. ஆசிரியப் பணியின் ஊதியமே அவரது வாழ்க்கைக்கும் ஓரளவு அருங்காட்சியகத்திற்கும் ஆதாரமாயிற்று. 1980களின் நடுப்பகுதியில், சிகாகோவின் முதல் கறுப்பின மேயரான ஹெரால்ட் வாஷிங்டன் அவரை நகரப் பூங்கா நிருவாகத்தின் ஆணையர்களுள் ஒருவராக நியமித்தார். அருங்காட்சியகத்திற்கு இடமளித்த அமைப்பிலேயே அதனை நிறுவியவர் முடிவெடுக்கும் இடத்தைப் பெற்றார். நகர அரசியலில் நிகழ்ந்த மாற்றமின்றி இது கைகூடியிராது. பண்பாட்டுத் தலைமை அரசியல் அதிகாரத்தோடு பிணைந்தது என்பதற்கு இது தெளிவான சான்று.

நடுவண் நிறுவனத்தின் கிளை

அனகோஸ்டியாவின் நிலை இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலர் டில்லன் ரிப்ளி, தலைநகரின் பெரிய அருங்காட்சியகங்களுக்கு வாராத மக்களை நாடி அவர்தம் குடியிருப்புக்கே அருங்காட்சியகம் செல்ல வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். அதன் விளைவாக, கார்வர் என்னும் பழைய திரையரங்கில் 1967 செப்டம்பர் 15 அன்று அனகோஸ்டியா அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இயக்குநராக அமர்த்தப்பட்ட ஜான் கினார்டுக்கு அப்போது வயது 30. இறையியல் பயின்று சமூகப் பணியில் ஈடுபட்டிருந்த அவருக்கு அருங்காட்சியகத் துறையில் முன்னனுபவம் இல்லை.

பயிற்சியின்மை அவருக்குக் குறையாக அமையவில்லை. அப்பகுதிக் குடியிருப்புகளில் எலித்தொல்லை கடுமையாக இருந்தது. அதனையே பொருளாகக் கொண்டு 1969இல் உயிருள்ள எலிகளுடன் ஒரு கண்காட்சி அமைக்கப்பட்டது. அரும்பொருள்களைச் சேர்த்துக் காட்டுவதே அருங்காட்சியகத்தின் பணி என்னும் மரபுக்கு மாறாக, மக்கள் எதிர்கொள்ளும் சிக்கலை வரலாற்றோடும் அறிவியலோடும் இணைத்து விளக்குவதும் அதன் பணியே என்பதை அக்கண்காட்சி நிறுவியது. சமூக அருங்காட்சியகம் பற்றிய பிற்கால ஆய்வுகளில் அது தொடர்ந்து எடுத்தாளப்படுகின்றது. கினார்ட் 1989இல் மறையும்வரை இயக்குநராகப் பணியாற்றினார்.

எனினும் இவ்வெற்றிக்கு ஓர் எல்லை இருந்தது. ஊதியமும் கட்டடமும் நடுவண் நிறுவனத்துடையவை. கிளையின் தலைவர் கிளைக்கே தலைவராக இருந்தார். 22 ஆண்டுகள் இயக்குநராக இருந்தவரின் பட்டறிவு தாய் நிறுவனத்தின் உயர்பதவி எதற்கும் வழியாகவில்லை. சமூக அருங்காட்சியகம் என்னும் வகைப்பாடு கறுப்பினத் தலைவர்களுக்கு இடம் தந்த அதே வேளையில், அவர்களுக்குரிய இடம் அதுவே என வரையறுத்தும் விட்டது.

நிதியமும் தொடர்ச்சியும்

1965இல் நிறுவப்பட்ட தேசியக் கலை நிதியம், வெள்ளையரல்லாத சமூகங்களின் கலை அமைப்புகளுக்கு உதவும் பொருட்டு 1971இல் விரிவாக்கக் கலைத்திட்டத்தைத் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலிஸில் நாடகப் பயிற்சி அமைப்பை நடத்தி வந்த கறுப்பின நாடகவியலாளர் வான்டைல் விட்ஃபீல்ட் அதன் இயக்குநரானார். நிதி பெறும் நிலையிலிருந்தவர் நிதி வழங்கும் நிலைக்கு உயர்ந்தமை ஒரு திருப்பமாகும். 1978இல் கறுப்பின அருங்காட்சியகங்களுக்கென ஒரு தேசியச் சங்கமும் உருவாயிற்று. பரோஸ் போன்ற நிறுவுநர்கள் 1960களின் இறுதியிலிருந்து நடத்திய கலந்துரையாடல்களின் பயன் அது.

இவ்வளர்ச்சியும் நிலையானதாக இல்லை. நிதியத்தின் ஆண்டு ஒதுக்கீடு 1995இல் ஏறத்தாழ 16 கோடியே 20 லட்சம் டாலராக இருந்தது. 1996இல் 9 கோடியே 95 லட்சம் டாலராகக் குறைக்கப்பட்டது. அதனையொட்டிய மறுசீரமைப்பில் விரிவாக்கக் கலைத்திட்டம் தனித்திட்டமாகத் தொடரவில்லை. 1943இல் நிகழ்ந்தது வேறொரு வடிவில் மீண்டும் நிகழ்ந்தது.

இரு தலைமுறைக்குப் பின்னரே தடை உடைந்தது. சிகாகோ வரலாற்றுச் சங்கத்தின் தலைவராக இருந்த லோனி பன்ச், 2005இல் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்தின் நிறுவன இயக்குநரானார். 2019இல் ஸ்மித்சோனியனின் செயலரானார். அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. கினார்ட் அமர்த்தப்பட்டதற்கும் இதற்கும் இடையே 52 ஆண்டுகள் கழிந்திருந்தன.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, வெள்ளையரல்லாத சமூகங்களில் தலைமைத்திறன் எக்காலத்தும் இருந்தது. பரோஸும் கினார்டும் முறைசார்ந்த அருங்காட்சியகப் பயிற்சியின்றியே பணியைத் தொடங்கி நிறுவனங்களை வளர்த்தனர். இரண்டாவது, கட்டடமும் ஊதியமும் எவர் கையில் இருந்தனவோ அவரே தலைமையின் எல்லையையும் வகுத்தனர். மூன்றாவது, ஒரு தலைவரின் எழுச்சி அடுத்தவரின் எழுச்சிக்குத் தானாக வழிவகுக்கவில்லை. நிலையான நிதியும் பதவி உயர்வுக்கான வழியும் இல்லாத இடத்தில் ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்தே தொடங்க நேர்ந்தது.

ஆகவே இன்றைய பயிற்சித் திட்டங்களின் பயன் பயிற்சியைக் காட்டிலும், அவை உருவாக்கும் தொடர்புகளிலேயே மிகுதியாக அமைகின்றது எனலாம். 1978இல் உருவான சங்கமும் அத்தகைய தொடர்புகளின் விளைவேயாகும். எனினும் தொடர்பு மட்டும் பதவியைத் தருவதில்லை. பயிற்சி பெற்றோரின் எண்ணிக்கையைவிட, அவர்களுள் எத்தனை பேர் நிதியையும் நியமனத்தையும் முடிவுசெய்யும் அவைகளில் இடம்பெற்றனர் என்பதே அத்திட்டங்களை மதிப்பிடுவதற்குரிய சரியான அளவுகோலாகும்.