முகமில்லாதவனின் தங்கம்: 'ஸ்பிரிட்டட் அவே' படமும் ஜப்பானின் தனிமையும்

(எச்சரிக்கை: படத்தின் கதை கிட்டத்தட்ட முழுவதுமாகக் கீழே வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்!)

ஹயாவோ மியாசாகி இயக்கிய 'ஸ்பிரிட்டட் அவே' 2001 ஜூலை 20 அன்று ஜப்பானில் வெளியானது. அப்போது அவருக்கு வயது 60. 2002-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி, 2003-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் என்று விருதுகள் வந்தன. சூனியக்காரி, டிராகன், பேசும் தவளை எல்லாம் இருப்பதால் குழந்தைகள் படம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். தெய்வங்கள் வந்து குளிக்கும் அந்த விடுதியில் எப்போதும் திருவிழாக் கூட்டம். ஆனாலும் அங்கே இருப்பவர்களில் பலர் தனி ஆட்கள். ஏன் இப்படி?

படத்தின் தொடக்கத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. பத்து வயது சிஹிரோவும் பெற்றோரும் வழி தவறி ஒரு பாழடைந்த இடத்துக்கு வருகிறார்கள். கைவிடப்பட்ட தீம் பார்க் இது, 90-களின் தொடக்கத்தில் இப்படி நிறைய கட்டினார்கள், பொருளாதாரம் சரிந்ததும் எல்லாம் திவாலாகிவிட்டது என்கிறார் அப்பா. சாதாரணமாகக் கடந்து போகிற வசனம். ஆனால் அதற்குள் ஒரு நாட்டின் பதினைந்து வருட வரலாறு இருக்கிறது.

1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன் பிறகு யென்னின் மதிப்பு வேகமாக ஏறியது. ஏற்றுமதியாளர்கள் தடுமாறினார்கள். நிலைமையைச் சமாளிக்க ஜப்பானின் மத்திய வங்கி வட்டியைக் குறைத்துக்கொண்டே போய் 1987-இல் 2.5 சதவீதத்துக்குக் கொண்டு வந்தது. விளைவு? நிலத்தை அடமானம் வைத்துக் கடன், அந்தக் கடனில் இன்னொரு நிலம், அதை வைத்து இன்னொரு கடன்... அதே 1987-இல் உல்லாசப் பூங்காக்களையும் கோல்ஃப் மைதானங்களையும் ஊக்குவிக்கத் தனிச் சட்டமே வந்தது. 1989-இன் கடைசி வர்த்தக நாளில் நிக்கேய் பங்குக் குறியீடு 38,915-இல் முடிந்தது. வட்டி 6 சதவீதத்துக்கு ஏற்றப்பட்ட 1990-இன் இறுதியில் அது 24,000-க்கும் கீழே. குமிழி உடைந்துவிட்டது.

இனி படத்துக்கு வருவோம். சிஹிரோவின் அப்பா ஆளில்லாத கடையில் சாப்பிட உட்காருகிறார். கையில் பணமும் கிரெடிட் கார்டும் இருக்கிறது, பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்கிறார். அடுத்த சில நிமிடங்களில் அப்பாவும் அம்மாவும் பன்றிகளாகிவிடுகிறார்கள். கடனில் தின்றவர்கள் பெரியவர்கள். தனியாக நின்று அதற்காக வேலை செய்யப் போவது குழந்தை. குமிழி உடைந்த பிறகு நடந்ததும் அதுதானே? 1997 நவம்பரில் யாமாயிச்சி என்ற பெரிய பங்கு நிறுவனமே மூடப்பட்டது. அந்தப் பத்தாண்டில் பட்டம் வாங்கி வெளியே வந்த இளைஞர்களுக்கு வேலை இல்லை. அந்தக் காலத்துக்கு 'வேலைவாய்ப்பின் பனியுகம்' என்றே பெயர்.

விடுதியின் முதலாளி யுபாபா வேலை கொடுக்கும்போது சிஹிரோவின் பெயரைப் பறித்துக்கொண்டு 'சென்' என்று வைக்கிறாள். ஜப்பானிய எழுத்தில் அதற்கு 'ஆயிரம்' என்று பொருள். ஒரு பெண்ணின் பெயர் வெறும் எண்ணாகிவிடுகிறது! ஹாக்குவின் கதை இன்னும் சோகம். அவன் உண்மையில் ஒரு நதி. நதியை மூடி அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். திரும்பிப் போக அவனுக்கு இடமே கிடையாது. ரியல் எஸ்டேட் தின்ற ஊர்களின் கதை அது.

யுபாபாவின் ராட்சதக் குழந்தை 'போ' மெத்தைகள் நிறைந்த அறைக்குள்ளேயே இருக்கிறது. வெளியே போனால் கிருமி தொற்றி நோய் வரும் என்று நம்புகிறது. வீட்டை விட்டே வெளியே வராத இளைஞர்களைப் பற்றி மனநல மருத்துவர் தமாகி சைட்டோ எழுதிய புத்தகம் 1998-இல் வந்து, 'ஹிகிகோமோரி' என்ற சொல்லை நாடு முழுக்கப் பரப்பியது. 2019-இல் ஜப்பான் அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில், 40 முதல் 64 வயதுக்குள் மட்டும் 6,13,000 பேர் இப்படி இருப்பதாக மதிப்பிடப்பட்டது. எல்லோருக்கும் காரணம் குமிழி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதில் நாற்பதுகளில் இருந்தவர்கள் பனியுகத்தில் வேலை தேடிய தலைமுறை.

கடைசியாக, படத்தைப் பார்த்த யாரும் மறக்க முடியாத முகமில்லாதவன். பாலத்தில் சும்மா நிற்கிறான். மழையில் நனைகிறானே என்று சிஹிரோ கதவைத் திறந்து வைக்கிறாள். அவனுக்குச் சொந்தக் குரல்கூட இல்லை, விழுங்கிய தவளையின் குரலில்தான் பேசுகிறான். தங்கத்தை வாரி இறைத்ததும் விடுதியே அவன் காலில் விழுகிறது. சிஹிரோ மட்டும் வேண்டாம் என்கிறாள். வீடு எங்கே, அப்பா அம்மா எங்கே என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. பிறகு பார்த்தால் அவன் கொடுத்த தங்கம் எல்லாம் மண்!

அவன் குணமாவது எங்கே என்பதுதான் முக்கியம். தூரத்தில் உள்ள ஒரு சின்னக் குடிசையில், நூல் நூற்கும்போது. அங்கே அவன் காசு கொடுத்து யாரையும் வாங்க வேண்டியதில்லை. செய்ய ஒரு வேலை, கூட இருக்க ஒரு பாட்டி, அவ்வளவுதான். தனிமைக்குக் காரணம் ஆள் இல்லாதது அல்ல, எல்லா உறவுக்கும் ஒரு விலை வைத்துவிட்டதுதான் என்கிறது படம்.

2021 பிப்ரவரியில் ஜப்பான் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. 2024 பிப்ரவரியில் நிக்கேய் 1989-இன் உச்சத்தைத் தாண்டியது. அதே ஆண்டு ஏப்ரலில் தனிமையைச் சமாளிப்பதற்கான சட்டம் அமலுக்கு வந்தது. பங்குக் குறியீடு பழைய இடத்துக்குத் திரும்பி வர 34 வருடம் ஆனது. அறைக்குள் போனவர்கள் திரும்பி வர எத்தனை வருடம் ஆகும்?