மேய்ப்பவனுக்கு 'கௌ', உண்பவனுக்கு 'பீஃப்'

"ஏன் சேர், இங்கிலீஷ்ல ஒரே விசயத்துக்கு ரெண்டு ரெண்டு சொல்லு?"

வருடம் தவறாமல் வகுப்பில் வரும் கேள்வி இது. 'பிகின்' என்றாலும் தொடங்கு, 'கொமென்ஸ்' என்றாலும் தொடங்கு. 'ஆஸ்க்' என்றாலும் கேள், 'டிமாண்ட்' என்றாலும் கேள். அகராதியைப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். இடம் மாற்றிப் போட்டால் மட்டும் ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போடுவார். பிள்ளைகள் குழம்புவது நியாயமே. இதை விளங்கிக்கொள்ள இங்கிலாந்தின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

1066 ஒக்டோபர் 14. ஹேஸ்டிங்ஸ் போரில் ஆங்கிலேய மன்னர் ஹரோல்ட் கொல்லப்பட்டார். வென்றவர் வடபிரான்சின் நோர்மண்டிக் கோமகன் வில்லியம். அவரும் அவரோடு வந்த பிரபுக்களும் பேசியது பிரெஞ்சு. இருபது வருடம் கழித்து, 1086இல், நாட்டின் காணிகளையெல்லாம் கணக்கெடுத்து 'டூம்ஸ்டே' ஏட்டில் எழுதினார்கள். அதில் பெரிய நிலப்பிரபுக்களாக இருந்த ஆங்கிலேயர் மிகச் சிலரே. காணி கைமாறியபோது அதிகாரத்தின் மொழியும் மாறியது. அரண்மனையில் பிரெஞ்சு, ஏடுகளில் லத்தீன். உழுதவர்களும் மாடு மேய்த்தவர்களும் தங்கள் பழைய ஆங்கிலத்தையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. உயிரோடு நிற்கும் மாடு 'கௌ', ஆங்கிலச் சொல். இறைச்சியானதும் 'பீஃப்', பிரெஞ்சுச் சொல். செம்மறியாடு 'ஷீப்', அதன் இறைச்சி 'மட்டன்'. வளர்த்தவன் ஒரு மொழி, உண்டவன் இன்னொரு மொழி. வோல்டர் ஸ்கொட் 1819இன் இறுதியில் வெளியிட்ட 'ஐவன்ஹோ' நாவலில் ஒரு பன்றி மேய்ப்பவனும் ஒரு கோமாளியும் இதைப் பற்றித்தான் பேசிக்கொள்வார்கள். அந்த நாவலால் கதை உலகமெங்கும் பரவியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். போர் முடிந்த மறுநாளே சொற்கள் இப்படிப் பாகம் பிரிந்துவிடவில்லை. பல நூற்றாண்டுகளாக உயிருள்ள மாட்டையும் 'பீஃப்' என்று சொன்னவர்கள் இருந்தார்கள். பிரிவு மெதுவாகத்தான் இறுகியது.

இதைவிட எனக்குப் பிடித்த சோடி 'ஆஸ்க்', 'டிமாண்ட்'. பிரெஞ்சில் 'டிமாண்டே' என்றால் வெறுமனே 'கேட்பது'. தண்ணீர் கேட்டாலும் அதுதான், வழி கேட்டாலும் அதுதான். அதே சொல் இங்கிலாந்துக்கு வந்து, நீதிமன்றத்தில் உரிமை கோரும் சொல்லாகப் புழங்கியது. உரிமையோடு கேட்டுக் கேட்டே அதற்கு அதட்டும் குரல் வந்துவிட்டது. ஆகவே பிள்ளைகளே, அதிபருக்கு லீவுக் கடிதம் எழுதும்போது 'ஆஸ்க்' போடுங்கள், இன்னும் பணிவாக 'ரிக்வெஸ்ட்' போடுங்கள். 'டிமாண்ட்' போட்டால் அது வேலைநிறுத்தக் கடிதமாகிவிடும்!

'பிகின்', 'கொமென்ஸ்' கதையும் இதுதான். சாப்பாட்டை 'பிகின்' பண்ணலாம், பேச்சை 'பிகின்' பண்ணலாம். 'கொமென்ஸ்' பரீட்சை அறிவித்தலுக்கும் வழக்குக்கும் விழாவுக்கும் உரியது. வீட்டில் பேசும் சொல் எது, மேடையில் பேசும் சொல் எது என்று பாருங்கள். பழைய ஆட்சியின் தடம் தெரியும்.

இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். காணி வழக்கில் நிற்கும் ஓர் ஏழை ஆங்கிலேயனை எண்ணிப் பாருங்கள். அவனுடைய நிலத்தைப் பற்றி, அவன் முன்னாலேயே, அவனுக்குப் புரியாத மொழியில் வாதாடுகிறார்கள். 1362இல் மூன்றாம் எட்வர்ட் காலத்தில்தான், மக்களுக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை என்று சொல்லி, நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் வாதாடச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! பதிவேடுகள் லத்தீனில் தொடர்ந்தன. அவையும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 1733இல்.

அந்தக் காலத்தின் மிச்சம் சட்ட ஆவணங்களில் இன்றும் கிடக்கிறது. 'வில் அண்ட் டெஸ்டமென்ட்', 'குட்ஸ் அண்ட் செட்டல்ஸ்' என்று சோடி சோடியாக வரும். முதற்சொல் பழைய ஆங்கிலம், இரண்டாவது பிரெஞ்சிலிருந்தோ லத்தீனிலிருந்தோ வந்தது. பிரித்தானியர் வழியாக இந்த எழுத்து நடை நம் நாட்டுக்கும் வந்தது. நம் பெரியவர்களின் பெட்டிகளில் இருக்கும் பழைய ஆங்கிலக் காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். விற்றேன் என்று சொல்ல நாலைந்து வினைச்சொற்கள் வரிசையாக நிற்கும். அதை வாசித்துச் சொல்ல நம் உம்மாமாருக்கு இன்னொருவர் தேவைப்பட்டார். அன்று ஆங்கிலேய ஏழைக்கு பிரெஞ்சு எப்படியோ, நமக்கு ஆங்கிலம் அப்படி.

இந்தப் பழக்கம் நமக்கும் புதிதல்ல. மனிதர் இறந்தால் நாம் 'மௌத்தாகிட்டாங்க' என்போம். வீட்டு ஆடு இறந்தால் 'செத்துப் போச்சு' என்போம். இரண்டும் ஒரே நிகழ்வுதான். ஆனாலும் மாற்றிச் சொன்னால் சபையே திரும்பிப் பார்க்கும். எந்தச் சொல் எங்கே என்று யாரும் நமக்குப் பாடம் எடுக்கவில்லை, கேட்டுக் கேட்டே பழகினோம்.

ஆங்கிலச் சோடிச் சொற்களையும் அப்படியே படியுங்கள், பிள்ளைகளே. பொருளை மட்டும் மனனம் பண்ணாமல், அந்தச் சொல்லை யார், யாரிடம், எங்கே சொல்வார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கொப்பியில் சிவப்புக் கோடு குறையும். பிறகு ஒருநாள், வீட்டிலுள்ள காணி உறுதியை நீங்களே உம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.