செலினியத்துக்கு உடலில் எத்தனை இடம்?

செலினியத்தைப் பற்றிய அறிமுகங்களில் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. 1930களில் அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் மாடுகளையும் குதிரைகளையும் கொன்ற நஞ்சு, 1957இல் இன்றியமையாத ஊட்டமாகக் கண்டறியப்பட்டது என்பது அந்தக் கதை. பழைய கருத்து பிழை, புதிய கருத்தே சரி என்ற எண்ணம் வாசகர் மனத்தில் தானாக விழுந்துவிடுகிறது. ஆனால் நஞ்சு என்ற முடிவை எவரும் பொய்யென்று நிறுவியதில்லை. இரண்டு முடிவுகளும் இன்றும் ஒருசேர நிற்கின்றன. இரண்டையும் இணைத்துப் பார்க்க ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: உடலுக்குள் போகும் செலினியம் எங்கே போய் அமர்கிறது? அந்த இடங்கள் நிரம்பிய பிறகு வருவது என்ன ஆகிறது? இந்தக் கேள்விக்கான விடையின் முக்கியப் பகுதி 2000ஆம் ஆண்டுக்குள்ளேயே கையில் இருந்தது. அதைப் பொருட்படுத்தியிருந்தால், மறு ஆண்டு தொடங்கிய மிகப் பெரிய மருத்துவச் சோதனையொன்று வேறு விதமாக வடிவமைக்கப்பட்டிருக்கும் என்பது என் வாதம்.

வேதியியலிலிருந்து தொடங்குவோம். 1817இல் ஸ்வீடனின் கிரிப்ஸ்ஹோமில் இருந்த கந்தக அமில ஆலையில், ஃபாலுன் சுரங்கத் தாதுவை எரித்தபோது அறையின் அடியில் சிவந்த கசடு தங்கியது. வேதியியலாளர்கள் பெர்சீலியஸும் கானும் முதலில் அதில் டெல்லூரியம் இருப்பதாகவே எண்ணினார்கள். சூடாக்கினால் முள்ளங்கி போன்ற நெடி எழுந்ததே அதற்குக் காரணம். பிறகுதான் அது புதிய தனிமம் என்று தெளிந்தது. டெல்லூரியத்துக்குப் பூமியின் பெயர் இருந்ததால், இதற்கு நிலவுத் தெய்வத்தின் பெயரைச் சூட்டினார்கள். கந்தகத்தோடு கலந்தே கிடைத்தது என்பது தற்செயலன்று. தனிம அட்டவணையில் கந்தகத்துக்கு நேர் கீழே 34ஆம் எண்ணில் இருக்கும் செலினியம், அளவிலும் பிணைப்பிலும் கந்தகத்தை வெகுவாக ஒத்தது. பாறையில் மட்டுமல்ல, செடியிலும் விலங்கிலும் அது கந்தகத்தின் வழியிலேயே நடக்கிறது. வேர் சல்பேட்டை உறிஞ்சும் அதே வாயில் வழியாகச் செலினேட்டும் நுழைகிறது.

ஒற்றுமை இவ்வளவு என்றால், உயிர் ஏன் கந்தகத்தோடு நின்றுவிடவில்லை? வேற்றுமை இரண்டு இடங்களில் இருக்கிறது. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக முனை தன் புரோட்டானை விட ஏறத்தாழ 8.3 பி.எச். அளவு வேண்டும். கந்தகத்துக்குப் பதில் செலினியம் நிற்கும் அதன் இணையான செலினோசிஸ்டீனின் செலினிய முனைக்கு 5.2 போதும். செல்லுக்குள் நிலவும் 7.2, 7.4 என்ற அளவில் சிஸ்டீன் பெரும்பாலும் மூடிக் கிடக்கிறது. செலினோசிஸ்டீனோ எதிர்மின் சுமையோடு வினைக்கு ஆயத்தமாக நிற்கிறது. வழக்கமாக இதையே காரணமாகச் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது வேற்றுமைதான் அதிக எடையுள்ளதாகத் தோன்றுகிறது. கந்தகம் அளவு மீறி ஆக்சிஜனேற்றம் அடைந்தால் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. அந்த நொதி அத்தோடு பாழ். செலினியம் அதே தாக்குதலுக்கு ஆளானாலும் மீண்டு வருகிறது. ரைக், ஹோண்டல் இருவரும் 2016இல் இந்த மீளும் தன்மையையே முதன்மைக் காரணமாக முன்வைத்தார்கள்.

இதை நெருக்கத்தில் பார்க்க குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதியை எடுத்துக்கொள்வோம். செல்லின் கொழுப்புப் படலத்தில் உருவான ஒரு பெராக்சைடு அதன் வினைமையத்தை நெருங்குகிறது. செலினியம் அதிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பறித்துத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. நச்சுப் பெராக்சைடு சாதுவான ஆல்கஹாலாக விலகுகிறது. முதல் குளூட்டாதயோன் மூலக்கூறு வந்து அந்த ஆக்சிஜனை நீராக வெளியேற்றிவிட்டுச் செலினியத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது குளூட்டாதயோன் வந்து முதலாவதைப் பிரித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு போகிறது. செலினியம் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது, அடுத்த பெராக்சைடுக்குத் தயாராக. இந்தச் சுற்றில் செலினியம் செலவாவதில்லை. ஆகவே தேவை மிகச் சிறியது. செலினியம் ஒரு விறகு அன்று, கருவி. கருவியை மலைபோல் குவித்து வைப்பதால் வேலை கூடுவதில்லை.

இந்த நொதியில் செலினியம் இருப்பதை 1973இல் விஸ்கான்சினில் ரோட்ரக், ஹூக்ஸ்ட்ரா குழுவினர் அறிவித்தனர். அதே ஆண்டு ஃபுளோஹே குழுவினர் ஒரு நொதி மூலக்கூறுக்கு நான்கு செலினிய அணுக்கள் என்று கணக்கிட்டுக் காட்டினர். அமெரிக்கத் தேசிய உடல்நலக் கழகங்களில் பணியாற்றிய தெரசா ஸ்டாட்மனின் ஆய்வகம் 1976இல் ஒரு பாக்டீரியப் புரதத்தில் அந்தச் செலினியம் செலினோசிஸ்டீன் வடிவில் இருப்பதை நிறுவியது. பத்து ஆண்டுகள் கழித்து வந்த செய்திதான் எல்லோரையும் அசைத்தது. எலியின் மரபணுவிலும் ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணுவிலும் செலினோசிஸ்டீனுக்கு உரிய இடத்தில் இருந்தது டி.ஜி.ஏ. என்ற மூவெழுத்து. ஆர்.என்.ஏ.வில் அது யு.ஜி.ஏ. அதுவோ புரதக் கோவையை நிறுத்தச் சொல்லும் முற்றுப்புள்ளி.

முற்றுப்புள்ளியை எழுத்தாகப் படிக்கச் செல் எவ்வளவு பாடுபடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மியூனிக்கில் ஆகுஸ்ட் போக்கின் குழு பாக்டீரியாவில் இதற்கென்றே இயங்கும் நான்கு மரபணுக்களைப் பிரித்தறிந்தது. தனியான ஒரு கடத்து ஆர்.என்.ஏ. வேண்டும். அதன்மேல் முதலில் செரீன் ஏறி, அங்கேயே செலினோசிஸ்டீனாக மாற்றப்படுகிறது. மாற்றுவதற்குச் செலினோபாஸ்பேட் வேண்டும். விலங்குகளில், தூது ஆர்.என்.ஏ.யின் வால்பகுதியில் மடிந்து நிற்கும் ஒரு வளையம், இங்கே நிறுத்தாதே என்று அடையாளம் காட்ட வேண்டும்; அதை 1991இல் மார்லா பெர்ரியும் உடன் உழைத்தவர்களும் விளக்கினார்கள். சாதாரண உணவிலிருந்து வரும் செலினோசிஸ்டீன் நேரே புரதத்தில் ஏற முடியாது; பிரிந்து, செலினைடாகி, புதிதாகக் கட்டப்பட்டே ஏறும். 2003இல் கிளாடிஷேவ் குழு மனித மரபணுத் தொகுப்பை அலசி, இத்தகைய புரதங்களுக்கான மரபணுக்கள் 25 என்று எண்ணித் தந்தது. இடம் எண்ணக்கூடியது, ஒவ்வொரு இடத்துக்கும் காவல் உண்டு. அந்த இடங்களுக்குச் சிஸ்டீனால் பதிலாளாக முடியாதா என்பதையும் 2018இல் மார்கஸ் கோன்ராட் குழு சோதித்தது. ஜி.பி.எக்ஸ்.4 என்ற குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் வகை நொதியில் செலினோசிஸ்டீனுக்குப் பதில் சிஸ்டீன் வைக்கப்பட்ட எலிக்குட்டிகள் பிறந்தன. ஆனால் பால்குடி மறப்பதற்குள் வலிப்பு கண்டு இறந்தன. மூளையில் ஒருவகைத் தடுப்பு நரம்புச் செல்கள் பெராக்சைடின் தாக்குதலைத் தாங்கவில்லை.

இதற்கு நேர்மாறானது செலினோமெத்தியோனின். செடிகள் ஆக்கித் தரும் வடிவம் அது. உடல் அதை மெத்தியோனின் என்ற கந்தக அமினோ அமிலத்திலிருந்து வேறுபடுத்துவதில்லை. மெத்தியோனினுக்கு உரிய எந்தப் புரதத்திலும் அது காவலின்றி நுழைகிறது. இதனால் இரத்தத்தில் செலினிய அளவு ஏறிக்கொண்டே போகும். செலினியப் புரதங்களின் வேலை ஏறாது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் இனி வரும் எண்கள் தாமே பேசும்.

பற்றாக்குறையின் சான்று சீனத்திலிருந்து வருகிறது. 1935இல் ஹெய்லாங்ஜியாங்கின் கேஷான் வட்டாரத்தில் பதிவாகி அந்தப் பெயரையே பெற்ற இதயத்தசை நோய், சிறு குழந்தைகளையும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களையும் வாரிக்கொண்டு போனது. சிச்சுவானின் மியன்னிங் வட்டாரத்தில் 1974இல் ஒன்று முதல் ஒன்பது வயதுவரையான குழந்தைகளுக்கு வாரம் ஒரு சோடியம் செலினைட் மாத்திரை தரப்பட்டது; வயதுக்கேற்ப அரை மில்லிகிராம் அல்லது ஒரு மில்லிகிராம். மாத்திரை பெறாத 3,985 குழந்தைகளில் 54 பேருக்கு நோய் வந்தது. பெற்ற 4,510 பேரில் 10 பேருக்கு. மறு ஆண்டு பெறாத 5,445 பேரில் 52, பெற்ற 6,767 பேரில் 7. 1976இல் ஒப்பீட்டுக் குழுவே வேண்டாமென்று எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அந்த முடிவு எனக்கு எந்தப் புள்ளிவிவரத்தையும்விடப் பெரிதாகப் படுகிறது. நோய் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கியதைச் செலினியக் குறைவு மட்டும் விளக்காது என்பதும் உண்மை. 1995இல் மெலிண்டா பெக் குழு, சாதுவான காக்சாக்கி வைரஸ் செலினியம் குறைந்த எலிகளுக்குள் மரபு மாற்றம் அடைந்து, பிறகு நல்ல ஊட்டமுள்ள எலிகளின் இதயத்தையும் தாக்கும் கொடிய வைரஸாக வெளிவருவதைக் காட்டியது.

அதே சீனத்தின் ஹூபே மாகாணத்தில் என்ஷி இருக்கிறது. 1961 முதல் 1964 வரை அங்கே மக்களுக்கு முடி கொட்டியது, நகங்கள் கழன்றன. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட ஐந்து ஊர்களின் 248 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் நோயுற்றனர். செலினியம் மிகுந்த நிலக்கரியிலிருந்து அது மண்ணுக்கு வந்தது. வயலில் இட்ட சுண்ணாம்பு அதைச் செடிகள் உறிஞ்ச வசதி செய்தது. வறட்சியில் நெல் பொய்க்க, ஊர் மக்கள் அந்த மண்ணின் காய்கறிகளையும் மக்காச்சோளத்தையும் அதிகம் உண்டனர். யாங் குவாங்சியின் ஆய்வின்படி அந்த ஊர்களில் ஒருவரின் சராசரி உட்கொள்ளல் நாளுக்கு 4.99 மில்லிகிராம், கேஷான் நோய் கண்ட பகுதிகளில் 11 மைக்ரோகிராம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 450 மடங்கு.

இந்தச் சீன ஆய்வுகளையும் நியூசிலாந்து ஆய்வையும் அடிப்படையாகக் கொண்டு, 2000இல் அமெரிக்க மருத்துவக் கழகம் பெரியவர்களின் அன்றாடத் தேவையை 55 மைக்ரோகிராம் என்று வகுத்தது. எந்த அளவுகோலால்? குருதி நீரில் குளூட்டாதயோன் பெராக்சிடேஸின் செயல் மேலும் ஏறாமல் சமநிலைக்கு வரும் புள்ளியால். அதாவது அந்த நொதிக்கான இடங்கள் நிரம்புவதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். சராசரி அமெரிக்கர் அதைவிடக் கூடுதலாகவே உண்டுவந்தார்.

மறு ஆண்டு, 2001இல், செலக்ட் என்ற சோதனை தொடங்கியது. 35,533 ஆண்கள், நாளுக்கு 200 மைக்ரோகிராம் செலினியம், செலினோமெத்தியோனின் வடிவில், விந்துநாளச் சுரப்பிப் புற்றுநோய் குறையுமா என்பது கேள்வி. இதற்குத் தூண்டுதல் 1996இல் லாரி கிளார்க் வெளியிட்ட 1,312 பேரின் சோதனை. தோல் புற்றுநோயைத் தடுக்கத் தொடங்கிய அந்தச் சோதனை அதில் தோற்றது; ஆனால் விந்துநாளச் சுரப்பிப் புற்றுநோய் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. நம்பிக்கை பிறந்ததில் வியப்பில்லை. ஆனால் கிளார்க்கின் ஆட்கள் மண்ணில் செலினியம் குறைந்த கிழக்கு அமெரிக்காவினர். தொடக்கத்தில் அவர்கள் இரத்த அளவு மில்லிலிட்டருக்குச் சுமார் 114 நானோகிராம். செலக்ட் ஆட்களுக்கு அது சுமார் 136. கிளார்க்கின் தரவை மறுபடி பகுத்தபோது பயன் கண்டவர்கள் தொடக்க அளவு குறைந்தவர்களே என்று தெரிந்தது. 2008 அக்டோபரில் பயன் இல்லை என்று செலக்ட் நிறுத்தப்பட்டது. 2014இல் வந்த பகுப்பாய்வு, ஏற்கெனவே செலினியம் மிகுந்திருந்தவர்களுக்கு மாத்திரையால் தீவிர வகைப் புற்றுநோய் கூடியதைக் காட்டியது. கிளார்க்கின் சோதனையிலேயே மாத்திரை உண்டவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு அதிகம் தோன்றியது என்பது 2007இல் வெளிவந்தது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. செலினியப் புரதங்கள் நிரம்பிய பிறகும், மிகுதியான செலினியம் மெத்தில் சேர்மங்களாக மாறிப் புற்றுச் செல்களைக் கொல்லும் என்பது செலக்ட்டுக்குப் பின்னிருந்த கருதுகோள்களில் ஒன்று. விலங்குகளில் அதற்குச் சான்று இருந்தது. கிளார்க் கொடுத்தது செலினியம் ஏற்றிய ஈஸ்ட், செலக்ட் கொடுத்தது தூய செலினோமெத்தியோனின் என்பதால் ஒப்பிடலாகாது என்போரும் உண்டு. வடிவம் முக்கியம் என்பதை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது: காவலின்றி எல்லாப் புரதங்களிலும் நுழையும் வடிவத்தை, இடங்கள் ஏற்கெனவே நிரம்பிய ஆட்களுக்கு, ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள். ஆட்களைச் சேர்க்கும்போதே இரத்த அளவை அளந்து, குறைந்தவர்களை மட்டும் எடுத்திருந்தால், எதிர்மறை முடிவுகூடத் தெளிவான பாடம் தந்திருக்கும். இப்போது கிடைத்திருப்பது, செலினியம் தேவைப்படாதவர்களுக்குச் செலினியம் உதவாது என்ற செய்தி மட்டும்.

இந்தியாவில் இந்த விவாதம் தொலைதூரச் செய்தி அன்று. பஞ்சாபின் நவான்ஷகர், ஹோஷியார்பூர் பகுதிகளில் சிவாலிக் மலையடிவாரத்திலிருந்து வெள்ளம் கொண்டுவந்த வண்டலில் செலினியம் மிகுதி. லூதியானா பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தார் அந்த வயல்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தத் தீவனத்தைத் தின்ற மாடுகளுக்கும் எருமைகளுக்கும் குளம்பு வெடித்துக் கழல்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவருக்குச் செலினியம் கலந்த ஊட்டச்சத்து மாத்திரையைப் பரிந்துரைப்பதற்கு என்ன பொருள்? இரத்தத்தை அளக்காமல் எவரும் விடை சொல்ல முடியாது.

அளந்து செய்தவர்கள் ஃபின்லாந்துக்காரர்கள். மண்ணில் செலினியம் போதாத அந்த நாடு 1984 முதல் உரத்தில் சோடியம் செலினேட் சேர்க்கிறது. தானிய வயலுக்குக் கிலோ உரத்துக்கு 16 மில்லிகிராம், தீவன வயலுக்கு 6 என்று தொடங்கினார்கள். உணவையும் மனித இரத்தத்தையும் விடாமல் அளந்து வந்தார்கள். அளவு தேவையைத் தாண்டுவதைக் கண்டு 1990இல் எல்லாவற்றுக்கும் 6 என்று குறைத்தார்கள். பிறகு இரத்த அளவு இறங்கியதைக் கண்டு 1998இல் 10 ஆக்கினார்கள், 2007இல் 15.